கேரட்டைப் பிளக்கும் மடக்குக் கத்தி

வாசகர் கேள்வி: பழம், காய், ரொட்டி நறுக்கவென்று ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். தாளில் வைத்தால் சர்ரென்று போகிறது. கேரட்டில் இறக்கினால் பாதியிலேயே ‘டக்’கென்று பிளந்துவிடுகிறது. இதைவிடக் கூர்மையாக, மெல்லிசாக எதை வாங்கலாம்? எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: உங்கள் கத்தியின் கூரில் குறையில்லை. தாளை வெட்டுவது வாய், அதாவது வெட்டும் ஓரம் மட்டும். கேரட்டுக்குள் இறங்க வேண்டியது முழு அலகு. வாய் போட்டுக் கொடுத்த வழியில் பின்னால் வரும் தடிமன் நுழைய முடியாமல், ஆப்பு அடித்ததுபோல் இரண்டு பக்கமும் நெருக்குகிறது. தாள் வளைந்து ஒதுங்கிக்கொள்ளும்; கேரட்டுக்கு அது முடியாது, பிளக்கிறது. எந்தக் கத்தியையும் தீட்டிக் கூராக்கிவிடலாம். தடித்த அலகை மெல்லிசாக்குவதுதான் பெரும்பாடு. அதனால் காசு கொடுத்து வாங்க வேண்டியது மெல்லிசை. கூரை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரர்கள் சொல்லும் தடிமன் முதுகின் தடிமன். நறுக்குவதற்கு அதைவிட முக்கியமானது, தீட்டிய பட்டை முடிந்து அலகின் உடம்பு தொடங்கும் இடத்தின் தடிமன். அது 0.2 முதல் 0.4 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல நறுக்குக் கத்தி. 0.6, 0.7 என்று போனால் உங்கள் கேரட் கதைதான். தடிமன் அளக்கும் வெர்னியர் கருவி இல்லாமலும் இதைக் கண்டுபிடிக்கலாம். அலகை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், வாயோரமாக ஒரு மினுங்கும் கோடு தெரியும். அதுதான் தீட்டிய பட்டை. பக்கத்துக்கு 15 டிகிரியில் தீட்டிய கத்தியில், அந்த இடம் 0.3 மி.மீ. என்றால் கோட்டின் அகலம் அரை மி.மீ.க்குச் சற்று மேல், 0.7 என்றால் 1.3 மி.மீ.க்கு மேல். கோடு மயிரிழைபோல இருந்தால் எடுங்கள், பட்டையாக இருந்தால் வைத்துவிடுங்கள். ஒரே ஒரு ஏமாற்று உண்டு: 25 டிகிரியில் மொண்ணையாகத் தீட்டினால் தடித்த கத்தியிலும் கோடு ஒடுங்கித் தெரியும். சந்தேகமிருந்தால் அலகை நுனிப் பக்கமிருந்து நேராகப் பாருங்கள், ஆப்பு கண்ணுக்கே தெரியும்.

அடுத்து, இழைப்பு, அதாவது அலகை வாய் நோக்கி மெலிய வைக்கும் சரிவு, எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். 20 மி.மீ. அகல அலகு, முதுகு 2 மி.மீ., முதுகிலிருந்து வாய் வரை ஒரே சரிவு என்றால் இரு பக்கமும் சேர்ந்த கோணம் ஏறத்தாழ 5 டிகிரிதான். அதே அகலத்தில் முதுகு 3.5 மி.மீ. இருந்து, சரிவு பாதி உயரத்தில் தொடங்கினால் 16 டிகிரியைத் தாண்டிவிடும். உங்களுடையது அநேகமாக இந்த இரண்டாவது ரகம். குழிவாக இழைத்த அலகுகள் வாயருகே அருமையாக மெலிந்திருக்கும். ஆனால் மேலே குழி முடியும் தோள், கெட்டியான காயில் போய் முட்டும். மெல்லிய சீவல்களுக்கு அது சரி, முழு ஆப்பிளுக்குச் சரியில்லை.

பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்றால், நறுக்குவதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஒப்பினெல் என்ற பிரெஞ்சு மடக்குக் கத்தியின் 8-ஆம் எண். 8.5 செ.மீ. அலகு ஓர் ஆப்பிளை ஒரே இழுப்பில் தாண்டும். 1955-இல் சேர்த்த, வளையத்தைத் திருப்பி அலகைப் பூட்டும் வளையப் பூட்டும் எளிமையானது. குறை அதன் மரப் பிடி: நனைந்தால் ஊதி அலகை இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்போது நகத்தைப் பெயர்க்காதீர்கள். வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் அடிப்பகுதியை மேசையில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு சற்று வெளியே எட்டிப் பார்க்கும். விக்டோரினாக்ஸ் பேனாக்கத்திகளின் அலகும் மெல்லியதே. பெரும்பாலானவற்றில் பூட்டு இருக்காது, எஃகும் சீக்கிரம் மழுங்கும், ஆனால் அதே சீக்கிரத்தில் தீட்டிவிடலாம். செலவைப் பார்க்காதவர்களுக்கு ஸ்பைடர்கோவின் சாப்பரல், 2 மி.மீ. முதுகு, முழுச் சரிவு.

எஃகைப் பற்றி நடக்கும் சண்டைகளில் பாதி இங்கே தேவையில்லை. மெல்லிய வாய்க்கு வேண்டியது நுண்ணிய மணிகள் கொண்ட எஃகு; 12சி27, 14சி28என் இரண்டும் அந்த ரகம். டி2 என்ற எஃகில் கார்பைடு எனும் கெட்டியான மணிகள் பெரியவை, குறைந்த கோணத்தில் தீட்டினால் வாயில் பொடிப்பொடியாகச் சில்லு பெயரும். கார்பன் எஃகு அழகாகத் தீட்டுப்படும்; ஆனால் எலுமிச்சையை வெட்டி அப்படியே வைத்தால் கறுக்கும், ஈரத்தோடு மடக்கினால் துருவேறும்.

தீட்டும்போது கோணத்துக்குக் கருவி வேண்டாம். 20 மி.மீ. அகல அலகின் முதுகைக் கல்லிலிருந்து 5 மி.மீ. தூக்கினால் 15 டிகிரி. சில நாணயங்களை அடுக்கி உயரம் பார்த்துக்கொள்ளலாம். 1000 கிரிட் கல்லில் (கிரிட் எண் கூடக் கூடக் கல் நைசு) ஒரு பக்கத்தை, மறுபக்கம் முழு நீளத்துக்கும் பிசிறு, அதாவது ஓரத்தில் புரண்டு நிற்கும் மெல்லிய எஃகு, விரலில் தட்டுப்படும் வரை தேய்த்துவிட்டு, பிறகு மாற்றுங்கள். பாதியில் மாற்றுவதுதான் பலர் செய்யும் தவறு. பிசிறு வராத இடத்தில் கூரும் வராது. கடைசியில் அழுத்தமே இல்லாமல் பக்கம் மாற்றி மாற்றி இழுத்து, தோல் பட்டையில் முதுகு முன்னே போகும்படி பத்துத் தடவை. தக்காளித் தோலுக்கு இதுவே போதும். 6000 கிரிட் வரை போய்ப் பளபளப்பாக்கினால் தோலில் வழுக்கவும் செய்யும்.

மெல்லிய அலகு பெரும்பாலும் முறுக்கில்தான் போகிறது. கெட்டியான காயில் சிக்கிய கத்தியைத் திருகாதீர்கள், வந்த வழியே இழுங்கள். எலும்பு, உறைந்த இறைச்சி, பீங்கான் தட்டு, டப்பா மூடி நெம்புவது எதற்கும் இது ஆகாது. கழுவும்போது அலகைத் திறந்து, கீல் இடுக்கைத் தூரிகையால் தேய்த்து, நன்றாக உலர்த்தி, உணவுத்தர மினரல் எண்ணெய் ஒரு சொட்டு விடுங்கள். சமையல் எண்ணெய் நாளாவட்டத்தில் பிசினாகிக் கீலை இறுக்கிவிடும்.

பழைய கத்தியை அட்டைப்பெட்டிக்கும் கயிற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு அந்தத் தடிமன் நல்லது. அதையே மெல்லிசாக்கிப் பார்க்கிறேன் என்றால், 220 கிரிட் கல்லில் முதுகை 3 மி.மீ.க்குமேல் தூக்காமல், தண்ணீர் விட்டுக் கையால் தேய்க்க வேண்டும்; பல மணி நேரம் பிடிக்கும். சாணைச் சக்கரத்தில் கொடுத்து நேரத்தை மிச்சப்படுத்தப் பார்க்காதீர்கள். மெல்லிய வாய் நொடியில் சூடேறி நீலம் பாயும், அங்கே எஃகின் பதம், அதாவது கெட்டித்தன்மை, போய்விடும். அப்புறம் எத்தனை முறை தீட்டினாலும் அந்த இடம் மட்டும் கூர் தாங்காது.