கிப்சன் லெஸ் பாலுக்கும் எபிஃபோன் லெஸ் பாலுக்கும் விலைக்கேற்ற வித்தியாசம் உண்டா?

கிப்சன் கம்பெனியின் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிதாருக்காகக் காசு சேர்க்கிறேன், இப்போதைக்கு எபிஃபோன் பெயரில் வரும் லெஸ் பாலை எடுத்தால் பின்னால் வருத்தப்படுவேனா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒன்பது வருடமாக எபிஃபோன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட் வாசிக்கிறேன். போன வருடம் நண்பர் ஒருவர் வெளியூர் போகும்போது தன் கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்டை என் பொறுப்பில் விட்டுப் போனார். ஒரு மாதம் இரண்டையும் ஒரே அறையில், ஒரே ஆம்பில் (ஒலிபெருக்கியில்) மாற்றி மாற்றி வாசித்தேன். அதை வைத்துச் சொல்கிறேன்: எபிஃபோனை எடுங்கள், வருத்தப்பட மாட்டீர்கள்.

எபிஃபோனைக் கிப்சனின் நகல் என்று நினைப்பவர்கள் நிறைய. அது கிப்சனின் பழைய போட்டியாளர். 1957-இல் கிப்சனின் தாய் நிறுவனம் அதை வாங்கியது. அறுபதுகளில் மிச்சிகனின் கலமசூவில் இரண்டும் ஒரே ஆலையில் தயாராயின. பீட்டில்ஸ் வாசித்த எபிஃபோன் கசீனோ அந்தக் காலத்துக் கிதார்தான். இன்று கிப்சன் லெஸ் பால் நாஷ்வில்லில் தயாராகிறது, எபிஃபோன் பெரும்பாலும் சீனாவில். அமெரிக்க விலையிலேயே கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம் வரும்.

அந்த நான்கு மடங்கு காதில் கேட்காது. மஹோகனி உடல், மேலே மேப்பிள், 24.75 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்), இரண்டு ஹம்பக்கர் (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப், அதாவது கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் கருவி): அடிப்படை எல்லாம் ஒன்றுதான். (எபிஃபோனில் அலையலையாகத் தெரியும் மேப்பிள் மட்டும் மேலே ஒட்டிய மெல்லிய மரத் தகடு, வெனீர்.) இரண்டின் பிக்கப்புகளும் பொறியாளர் சேத் லவர் ஐம்பதுகளில் கிப்சனுக்காக உருவாக்கிய ஹம்பக்கரின் வழி வந்தவை. டிஸ்டார்ஷன் (கரகரப்பான ராக் ஒலி) போட்டு வாசித்துப் பதிவு செய்து, மறுநாள் கேட்டபோது எது எதுவென்று என்னால் பிரிக்க முடியவில்லை. டிஸ்டார்ஷன் இல்லாத க்ளீன் ஒலியில், கிதாரின் வால்யூமைப் பத்திலிருந்து ஆறுக்குக் குறைத்தால் கிப்சனில் ஒலி தெளிவாக நிற்கும், என் எபிஃபோனில் கொஞ்சம் மங்கும். அதுவும் உள்ளே இருக்கும் பாட் (வால்யூம் குமிழுக்கு அடியில் உள்ள மாறுதடை), வயரிங் சம்பந்தப்பட்டது. 2020-க்குப் பிறகு வந்த எபிஃபோன் ஸ்டாண்டர்டுகளில் சிடிஎஸ் நிறுவனத்தின் நல்ல பாட்களே வருகின்றன.

வித்தியாசம் கையில்தான் தெரிந்தது. நெக்கின் (கழுத்தின்) குறுக்கே பதித்த உலோகப் பட்டைகள்தான் ஃப்ரெட். நண்பரின் கிதாரில் அவற்றின் முனைகளை நெக் விளிம்பில் ஒட்டிய பிளாஸ்டிக் பட்டையான பைண்டிங்கே மூடியிருக்கிறது. இடது கையை மேலும் கீழும் ஓட்டினால் எங்கேயும் தட்டாது. என்னுடையதில் ஃப்ரெட் பைண்டிங்கின் மேலேறி முடிகிறது. கோடை முழுக்க ஏசி அறையில் வைத்திருந்ததில் மரம் சுருங்க, முனைகள் லேசாக வெளியே தலைகாட்டின. கிதார் ரிப்பேர் செய்பவரிடம் கொடுத்து அரத்தால் தேய்த்த பிறகு சரியாகிவிட்டது.

விலை தீர்க்காத பிரச்சினை ஒன்று உண்டு: ஜி கம்பி. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக்கில் (நெக்கின் தலைப்பகுதியில்) சுருதி திருகும் கீ பக்கத்துக்கு மூன்று. அதனால் நடுவில் இருக்கும் டி, ஜி கம்பிகள், நெக் முனையில் கம்பிகள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட சிறு துண்டான நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கமாகத் திரும்பிப் போகவேண்டும். அந்தத் திருப்பத்தில் கம்பி நட்டின் பள்ளத்தில் சிக்கும், வளைத்து வாசித்து விட்டதும் சுருதி விலகும். இரண்டு கிதாரிலும் அப்படியேதான் ஆனது. கீயைத் திருகும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அதுதான் சிக்கல் இருக்கும் இடம். 2பி பென்சிலைக் கூராகச் சீவி, கம்பியைத் தூக்கிவிட்டுப் பள்ளத்தில் நாலைந்து முறை தேய்த்தேன். கறுப்புத் தூள் படிந்தது. கம்பியை உட்காரவைத்து, ஏழாவது ஃப்ரெட்டில் முழு ஸ்வரம் வளைத்து விட்டேன். டியூனர் முள் நடுவுக்கே திரும்பியது.

அப்புறம், கிப்சனைப் பத்திரமாக வைத்திருப்பது தனி வேலை. அதன் பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். ரப்பர், ஃபோம் பட்டால் கறை பிடிக்கும், அதனால் ஸ்டாண்டில் பருத்தித் துணி சுற்றித்தான் நிறுத்தினேன். வியர்வையில் நெக் கொஞ்சம் ஒட்டவும் செய்யும். ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும், நெக் ஒரே துண்டு மரம், நட்டை ஒட்டி ஹெட்ஸ்டாக் பக்கம் டிரஸ் ராடுக்காக (நெக்கை நேராக வைக்கும் உள் இரும்புக் கம்பிக்காக) குடைந்திருப்பார்கள். மல்லாக்க விழுந்தால் அங்கேதான் உடையும். அந்த மாதம் முழுக்க எனக்கு அதே கவலை. எபிஃபோனின் பாலியூரிதேன் பூச்சுக்கு இவ்வளவு பாடு இல்லை.

கிப்சனைத் திருப்பிக் கொடுத்தபோது மனசு கனத்தது உண்மை. அந்த நெக்கின் வழவழப்பு இன்னும் கையில் இருக்கிறது. விற்றாலும் நல்ல விலை போகும். ஆனாலும் உங்கள் இடத்தில் இருந்தால் மீதிப் பணத்தில் நல்ல ஆம்ப் ஒன்று வாங்குவேன், கிதாருக்கு முறையாக ஒரு செட்டப் (கம்பி உயரம், நெக் வளைவு எல்லாம் சரிசெய்வது) செய்வேன்.

கடையில் ஒரே மாடலில் இரண்டு மூன்று எபிஃபோன் கேட்டு வாங்கிப் பாருங்கள், ஒன்று போல் ஒன்று இருக்காது. ஆம்பில் செருகாமலே கம்பிகளை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி வாசித்து எங்கே கரகரக்கிறது என்று கேளுங்கள். உள்ளங்கை விளிம்பை நெக் ஓரமாக ஓட்டுங்கள். கடைசியாக ஜி கம்பியை வளைத்து விட்டு, சுருதி பாருங்கள்.