மூலிகைத் தேநீர் டின்னில் வண்டு: வாசகர் கேள்விகள்

பூனைமீசை இலைப் பொட்டலத்தில் பழுப்பு நிறத்தில் பொடி வண்டுகள். என்ன வண்டு?
(சுங்கை சிப்புட்)

2, 3 மில்லிமீட்டர் நீளம், கூன் விழுந்த முதுகு, தொட்டால் செத்ததுபோல் கிடக்கும் என்றால் சிகரெட் வண்டு. முதுகில் வரிவரியாகக் கோடு தெரிந்தால் மருந்துக்கடை வண்டு. இரண்டுக்கும் வைத்தியம் ஒன்றுதான்.

பூச்சி வருகிறது, மருந்து சொல்லுங்கள்.
(ஊர் எழுதவில்லை)

எந்த இலை, எதில் வைத்திருக்கிறீர்கள், எத்தனை மாதமாச்சு, ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? குடிக்கிற பொருளில் எந்த மருந்தும் அடிக்காதீர்கள். மொறுமொறுவென்று காயவிட்டு, இறுக மூடுங்கள்.

துளசிக்கும் வேம்புக்கும் இயற்கையிலேயே பூச்சியை விரட்டும் சக்தி உண்டே? துளசித் தேநீர் டின்னில் வேப்பிலையும் வசம்பும் போட்டும் வண்டு வந்துவிட்டது.
(கோலகங்சார்)

இந்த நம்பிக்கையோடுதான் வருஷக்கணக்காக மல்லுக்கட்டுகிறேன். அந்தச் சக்தி உயிரோடு நிற்கும் செடிக்கு. பூச்சி கடித்தால் பல செடிகள் கசப்பையும் காரத்தையும் கூட்டிக்கொள்ளும். பறித்துக் காயவைத்த இலையால் அது முடியாது. இருக்கிற வாசனை எண்ணெயும் நாளாக நாளாகப் பறந்துவிடும். வேம்பின் வீரியமும் அதிகம் இருப்பது கொட்டையில், டின்னில் போடும் நாலு காய்ந்த இலையில் இல்லை.

அப்புறம், இந்த வண்டு லேசுப்பட்டதில்லை. அதன் குடலை ஒட்டி ஈஸ்ட் போன்ற நுண்ணுயிர் குடியிருக்கிறது. அது வண்டுக்கு பி வைட்டமின் தயாரித்துக் கொடுக்கும், செடியின் நஞ்சையும் முறிக்கும். நிக்கோடின் என்பதே புகையிலைச் செடியின் பூச்சிக்கொல்லிதான். அந்தப் புகையிலையையே தின்று வளர்வதால்தான் இதற்குச் சிகரெட் வண்டு என்று பெயர். என் வீட்டில் ஒரு காய்ந்த மிளகாயை உடைத்தேன். விதைகளுக்கு நடுவே வெள்ளைப் புழு ஒன்று வளைந்து படுத்திருந்தது. மிளகாய்க் காரத்துக்கே அசையாதது துளசிக்கா பயப்படும்?

வசம்பை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். அதிலுள்ள அசரோன் என்ற வேதிப்பொருள் நல்லதில்லை என்றுதான் 1968-லேயே அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள். குழந்தைகள் குடிக்கிற டின் அது.

ஐஸ்பெட்டியில் வைத்தால் வண்டு சாகுமா?
(தைப்பிங்)

கீழ்த்தட்டில் வைத்தால் மந்தமாகும், அவ்வளவுதான். மேலே ஐஸ் உறையும் அறையில், மைனஸ் 18 டிகிரியில், ஒரு வாரம் வையுங்கள், முட்டையும் சாகும். எடுத்தவுடனே திறக்காதீர்கள். குளிர்ந்த இலையில் ஈரம் கோத்துக்கொள்ளும், தைப்பிங் மழைக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு ராத்திரி வெளியில் வைத்துவிட்டுத் திறங்கள்.

வண்டு விழுந்த தூளைச் சலித்துக் குடிக்கலாமா?
(சுங்கை சிப்புட்)

ஒன்றிரண்டு வண்டு விஷமில்லை. இலையில் ஓட்டையும் அடியில் மாவு போன்ற தூளும் இருந்தால் கட்டித் தூரப் போடுங்கள்.

பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கிய செம்பருத்திப்பூவைப் பிளாஸ்டிக் பையிலேயே, ரப்பர் போட்டு வைக்கலாமா?
(பத்து காஜா)

கூடாது. பிளாஸ்டிக்கை ஓட்டை போட்டுப் பக்கத்து அரிசிக்குப் போய்விடும். நம் சூட்டில் ஒன்றரை மாதத்துக்குள் முட்டை வண்டாகிவிடும். காயவிட்டு, கண்ணாடிப் போத்தலில் இறுக மூடுங்கள். மூன்று மாதத்துக்கு ஆகும் அளவு மட்டும் வாங்குங்கள்.