தோல் நீண்ட கதை

அன்புள்ள ஐயா,
நேற்று பொழுது சாயும் நேரம், தோட்டத்து எல்லை மரத்திலிருந்து ஒரு குபுங் (பறக்கும் லெமூர் என்பார்களே, அது) மிதந்து போனதைப் பார்த்தேன். பறக்கும் அணிலும் அப்படித்தானே போகிறது? இரண்டும் சொந்தமா, ஒன்றைப் பார்த்து ஒன்று காப்பியடித்ததா? தாவித் தாவியே கைகால்களுக்கு இடையே தோல் நீண்டுவிட்டது என்கிறார் நண்பர்.
வாசகர், சுங்கை சிப்புட்

அன்புள்ள தம்பி,
நெருங்கிய சொந்தம் இல்லை. அணில் எலி வகை. குபுங் குரங்குக்கும் நமக்கும் பங்காளி. காப்பி என்ற பேச்சையே விடுங்கள். ஆஸ்திரேலியாவில் பையில் குட்டி வளர்க்கும் பிராணி ஒன்றும் இதேபோல் தோலை விரித்து மிதக்கிறது. அது எந்த அணிலைப் பார்த்தது? நம் பக்கத்துப் பறக்கும் ஓணான் விலா எலும்புகளையே விரிக்கிறது. 1855இல் சரவாக்கில் ஒரு சீனத் தொழிலாளி இயற்கை ஆய்வாளர் வாலஸிடம் கொடுத்த தவளைக்கு விரலிடைச் சவ்வுதான் இறக்கை. உயர்ந்த மரங்களின் காட்டில், இறங்கி ஏறுவதைவிட மிதப்பது லாபம். அவ்வளவுதான்.

உங்கள் நண்பரை மட்டும் விட மாட்டேன். தாவினால் தோல் நீளுமா? என் அப்பா முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினார். காண்டா வாளி (தோள் கம்பில் தொங்கும் பால் வாளி) சுமந்து சுமந்து வலது தோளில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் காய்ப்பு. சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன். சிறுதோட்டம் வைத்திருந்த பக்கத்துச் சீனருக்கும் அதே தோளில் அதே காய்ப்பு. ஒரே வேலை, ஒரே வடு. சரி, அது எனக்கு வந்ததா? என் தோள் வழவழவென்று இருக்கிறது. அந்தச் சீனர் மகன் தோளும் அப்படித்தான். ஓர் ஆயுளில் உடம்பு பட்டது பிள்ளைக்குப் போகாது தம்பி. போகுமென்றால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரும் கூன் விழுந்தே பிறந்திருப்பார்கள்!

குபுங் குட்டிகளில் தோல் ஓர் இம்மி கூடுதலாகப் பிறந்தது விழாமல் தப்பியது, குட்டி போட்டது. அணில் பக்கமும் தனியாக அதுவே நடந்தது. தாவியதால் வந்த தோல் இல்லை. அந்தத் தோலோடு பிறந்தவை மிஞ்சின.

அடுத்த முறை வாலைப் பாருங்கள். அணிலின் வால் தனியாகப் புசுபுசுவென்று ஆடும். குபுங்குக்கு வால் நுனிவரை தோல். அதைத் தொட்டிலாக மடித்துக் குட்டியை வைத்திருக்கும். டார்ச்சை முகத்தில் அடிக்காதீர்கள்.