புட் ஆஃப்னா கேன்சல் இல்ல தங்காச்சி

பினாங்கு பாயான் லெப்பாஸ்ல ஒரு ஃபேக்டரியில வேலை செய்யுற ஒரு தங்காச்சி கேட்டிருந்தாங்க. கஸ்டமர் "புட் ஆஃப் தி டெலிவரி"ன்னு மெயில் போட, இவங்க கேன்சல்னு நினைச்சு லாரிய நிப்பாட்டிட்டாங்க, ஆனா அவரு சொன்னது தள்ளிப்போடுங்கன்னுதான். ஃப்ரேசல் வெர்ப், அதாவது புட் ஆஃப் மாதிரி ரெண்டு வார்த்தை சேர்ந்து ஒரே அர்த்தம் குடுக்குற வினைச்சொல், அந்த லிஸ்ட்ட எத்தன தடவ மனப்பாடம் பண்ணாலும் மண்டையில நிக்கல, என்ன செய்யுறதுன்னு கேக்குறாங்க.

தப்பு உங்க மண்டையில இல்லம்மா, அந்த "ஆஃப்"லதான் இருக்கு. நம்ம வீட்டுல "லைட்ட ஆஃப் பண்ணு", இங்கிலீஷ் பேசுனாலும் "ஆஃப் தி லைட்"னு சுவிட்ச்ங்கிற வார்த்தையையே முழுங்கிட்டுத்தான் பேசுறோம், அதனால ஆஃப்னு காதுல விழுந்தாலே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு மனசு நினைச்சிக்கிது. ஆனா ப்ளேன் டேக் ஆஃப் ஆனா கெளம்புது, புள்ளைய ஸ்கூல்ல ட்ராப் ஆஃப் பண்ணா எறக்கி விடுறோம், நீங்க நெனச்ச கேன்சலுக்கு கால் ஆஃப்னு சொல்லணும். பஸ்ல இருந்து எறங்குறதுக்குக் கூட கெட் ஆஃப்தான், நாம சொல்ற கெட் டவுன் தமிழ்ல எறங்குறோம்ங்கிறதுல இருந்து வந்த பழக்கம்.

தமிழ்ல கைவிடுன்னா கையையும் விடுறதையும் தனித்தனியா யோசிக்கிறோமா? தலையிடு, அதுவும் அப்படித்தான். சின்ன வயசுலயே முழுசா ஒரே வார்த்தையா கேட்டுப் பழகிட்டோம், புட் ஆஃபையும் அதே மாதிரி பிரிக்காம ஒரு வார்த்தையா எடுத்துக்கங்க.

அந்த லிஸ்ட்ட தூக்கி ஓரமா வைங்க. புட்டுல ஆரம்பிக்கிற இருவதையும் ஒரே நாள்ல படிச்சா ஒன்னோட ஒன்னு கலந்துதான் போகும், நானும் பாடம் எடுக்கும்போது அப்படிக் குடுக்குறதே இல்ல. உங்களுக்கு வர்ற மெயில்ல இருந்தே ஒரு நாளைக்கு ஒன்னு எடுத்து, அந்த முழு வாக்கியத்தையும் நோட்டுல எழுதி, அடியில உங்க வேலைய வச்சே சொந்தமா ஒன்னு எழுதுங்க.

எழுதும்போது ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கங்க. புட் ஆஃப் தி மீட்டிங், புட் தி மீட்டிங் ஆஃப், ரெண்டும் சரி, ஆனா மீட்டிங்குக்குப் பதிலா இட் போட்டா அது நடுவுலதான் வரணும், புட் இட் ஆஃப். புட் ஆஃப் இட்னு எழுதுனா தப்பு. லுக் ஆஃப்டர் மாதிரி சிலது பிரியவே பிரியாது, அம்மாவ பாத்துக்கிறேன்னா லுக் ஆஃப்டர் ஹெர்தான்.

அடுத்த தடவ இந்த மாதிரி மெயில் வந்து சந்தேகமா இருந்தா, லாரிய நிப்பாட்டுறதுக்கு முன்னாடி "அன்டில் வென்?"னு ஒரு வரி பதில் போடுங்க, தள்ளிப்போட்டிருந்தா தேதி வந்துரும்.