பேசிய விலை 72 லட்சம், பேங்க் மதிப்பீடு 63 லட்சம்: வித்தியாசத்தை எப்படிச் சமாளிப்பது?

கேள்வி: மேடவாக்கத்தில் 14 வருடம் பழைய, 1,050 சதுர அடி ஃபிளாட்டை 72 லட்சத்துக்குப் பேசி 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருக்கிறேன். பேங்க் அனுப்பிய மதிப்பீட்டாளர் 63 லட்சம்தான் என்று ரிப்போர்ட் கொடுத்துவிட்டார். எதிர்பார்த்த லோன் கிடைக்காது என்கிறார்கள். புரோக்கரோ, "மீதிக்கு பர்சனல் லோன் போடுங்க, இந்த வீட்டை விட்டுடாதீங்க" என்கிறார். என் கைக்கு வரும் சம்பளம் 1.1 லட்சம். என்ன செய்யலாம்? — வாசகர், சென்னை

பதில்: முதலில், பர்சனல் லோன் வேண்டாம். ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

வீட்டுக் கடன் 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரை என்றால், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த 80 சதவீதத்தை ஒப்பந்த விலை, மதிப்பீட்டாளர் சொன்ன விலை இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் பேங்க் போடும். 72 லட்சத்துக்கு நீங்கள் எதிர்பார்த்தது 57.6 லட்சம். 63 லட்சத்துக்குக் கிடைக்கப் போவது 50.4 லட்சம். ஆக, கையிலிருந்து போட வேண்டிய தொகை 14.4 லட்சத்திலிருந்து 21.6 லட்சமாகிவிட்டது. முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்று இன்னொரு 6.48 லட்சம் இருக்கிறது. அதற்கும் லோன் கிடையாது.

துண்டு விழும் 7.2 லட்சத்தை 13 சதவீத வட்டியில் ஐந்து வருட பர்சனல் லோனாக வாங்கினால் மாதத் தவணை சுமார் 16,400 ரூபாய். 50.4 லட்சத்துக்கு 8.5 சதவீதத்தில், 20 வருடத்துக்கு, சுமார் 43,700. இரண்டும் சேர்ந்து 60,000-ஐத் தாண்டுகிறது. சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போனால், ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலும் தடுமாறிப் போவீர்கள். அந்தத் தவணையைப் பார்த்துவிட்டு வீட்டுக் கடனையே பேங்க் குறைக்கவும் வாய்ப்பு உண்டு.

இனி அந்த 63 லட்சம் எப்படி வந்தது என்று பார்ப்போம். மதிப்பீட்டாளர் பேங்கின் ஆள். நீங்கள் தவணை கட்டாமல் போனால் இந்த வீட்டை விற்று எவ்வளவு எடுக்கலாம் என்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி. நேரில் வந்து அளப்பார், அங்கீகரிக்கப்பட்ட பிளானோடு ஒப்பிடுவார், அக்கம்பக்கத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று விசாரிப்பார். பழைய ஃபிளாட் என்றால் நிலத்தையும் கட்டடத்தையும் பிரித்தும் போட்டுப் பார்ப்பார்.

உதாரணத்துக்கு, மனையில் உங்கள் ஃபிளாட்டுக்கு உரிய பிரிக்கப்படாத பங்கு (யூடிஎஸ்) 480 சதுர அடி, நிலம் சதுர அடி 8,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நிலத்துக்கு 40.8 லட்சம். இதே கட்டடத்தை இன்று புதிதாகக் கட்டச் சதுர அடிக்கு 2,400 வீதம் 25.2 லட்சம் ஆகும். கட்டடத்தின் ஆயுள் 60 வருடம், கடைசியில் 10 சதவீதம் மிஞ்சும் என்று எடுத்தால், 14 வருடத் தேய்மானம் 21 சதவீதம். கழித்தால் கிட்டத்தட்ட 19.9 லட்சம். கார் பார்க்கிங் மாதிரி விஷயங்களுக்கு 2 லட்சம் சேர்த்தால் 63-ஐ ஒட்டி வந்துவிடுகிறது. ஓனர் பெருமையாகக் காட்டிய மர வேலை, மாடுலர் கிச்சன், ஏசி எதுவும் இந்தக் கணக்கில் பெரிதாக ஏறாது.

அதனால் நாளைக்கே பேங்க் கிளைக்குப் போய் ரிப்போர்ட்டைக் கேளுங்கள். பிரதி தர மறுத்தால் மூன்று விவரமாவது வாங்கிவிடுங்கள்: எத்தனை சதுர அடி எடுத்தார், என்ன ரேட் போட்டார், பிளானுக்கு மாறாக ஏதாவது குறித்திருக்கிறாரா. சென்னையில் பில்டர்கள் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாம் சேர்த்து 1,050 என்று விற்றிருப்பார்கள். மதிப்பீட்டாளர் வீட்டை மட்டும் அளந்து 850 என்று எழுதியிருக்கலாம். பால்கனியை அடைத்து ரூமாக்கியிருந்தால் அந்த இடத்தைக் கணக்கிலேயே எடுத்திருக்க மாட்டார்.

அளவிலோ கட்டடத்தின் வயதிலோ தவறு இருந்தால் மறுபரிசீலனை கேட்கலாம். அதற்கு பிளான் வேண்டும், அதே அடுக்ககத்தில் சமீபத்தில் பதிவான கிரயப் பத்திரங்கள் இருந்தால் இன்னும் நல்லது. விளம்பரத்தில் போட்டிருக்கும் விலையை யாரும் ஏற்க மாட்டார்கள். வேறு பேங்கிலும் முயலலாம், மதிப்பீடு கொஞ்சம் மாறும். ஆனால் செயலாக்கக் கட்டணம் மறுபடி போகும், உங்கள் கடன் வரலாறு பதிவாகும் சிபிலிலும் ஒரு விசாரணை ஏறும். "மதிப்பீட்டாளரிடம் பேசி ஏற்றிக்கலாம்" என்று யாராவது சொன்னால் தயவுசெய்து காது கொடுக்காதீர்கள். ஏற்றிய விலைக்கு வட்டி கட்டப் போவது நீங்கள்தான்.

இன்னொரு யோசனையும் உங்களிடம் வரலாம். "வழிகாட்டி மதிப்புக்கே பத்திரம் போடலாம், மீதி கேஷ்." வழிகாட்டி மதிப்பு முத்திரைத்தாள் கணக்குக்கு அரசு வைத்திருப்பது, சந்தை விலை அதுவல்ல. பத்திர விலை குறைந்தால் லோனும் குறையும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கம் வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. பின்னால் நீங்கள் விற்கும்போது, பத்திரத்தில் இல்லாத பணத்துக்கும் சேர்த்து மூலதன ஆதாய வரி கட்டுவீர்கள். 72 என்றால் 72 என்றே எழுதுங்கள். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்பதால் ஓனருக்குக் கொடுக்கும் பணத்தில் 1 சதவீதத்தை வரியாக (டிடிஎஸ்) பிடித்து அரசுக்குக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு.

உண்மையில் உங்களுக்கு வேலை ஓனரிடம்தான். லோன் போட்டு வாங்க வரும் யாருக்கும் இதே சிக்கல் வரும் என்பதை அவரிடம் அமைதியாகச் சொல்லுங்கள். 65, 66-க்கு இறங்கினால் மீதியைச் சேமிப்பிலிருந்து போடுவது பற்றி யோசிக்கலாம், அதுவும் ஆறு மாதச் செலவுக்கான பணத்தைத் தொடாமல். விலை குறையக் காரணம் பிளான் மீறல் என்றால் நான் வாங்கச் சொல்ல மாட்டேன், 63-க்குக் கொடுத்தாலும்.

அட்வான்ஸ் திரும்புமா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓனரிடம் பேசப் போகும் முன் அதை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். இனி ஒப்பந்தம் போடப் போகிறவர்கள், "பேங்க் மதிப்பீடு குறைந்து லோன் போதாமல் போனால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்ற வரியைச் சேர்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.