அம்மா தின்ற இரண்டு கம்மி: டெக்சாஸில் கஞ்சாவை அனுமதிக்கலாமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் டாலஸ் பக்கம் இருக்கிறோம். அம்மாவுக்கு 67 வயது. கிரீன் கார்டு வாங்கி எங்களோடு இருக்கிறார். இருபது வருடச் சர்க்கரை. ராத்திரியானால் இரண்டு பாதமும் தீயாய் எரியும். இதய வால்வு மாற்றியதால் ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரையும் சாப்பிடுகிறார். போன மாதம், கூட வாக்கிங் போகிற ஒரு தோழி, "தூக்கத்துக்கு நல்லது, வெறும் சி.பி.டி.தான், போதை தராது" என்று கேஸ் ஸ்டேஷனில் வாங்கிய கம்மி மிட்டாயைக் கொடுத்திருக்கிறார். அம்மா ஒன்று சாப்பிட்டுவிட்டு முக்கால் மணி நேரம் பார்த்திருக்கிறார். ஒன்றும் ஆகவில்லை என்று இன்னொன்றும் சாப்பிட்டுவிட்டார். பத்து மணிக்கு, "சுவர் நகருதுடி, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்று கத்தினார். பக்கவாதமோ என்று பயந்து எமர்ஜென்சிக்கு ஓடினோம். ஸ்கேன் எல்லாம் எடுத்த பிறகு சிறுநீர்ப் பரிசோதனையில்தான் கஞ்சா என்று தெரிந்தது. அன்றிலிருந்து அம்மா வாக்கிங் போவதில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "சட்டப்பூர்வமாக்கி ஒழுங்காக விற்றால் இந்தக் குழப்பமே வராது" என்கிறார் என் கணவர். இருக்கிற தடையே போதாது என்பது என் எண்ணம். இவ்வளவு கன்சர்வேட்டிவான மாநிலம் கஞ்சாவை அனுமதிக்கலாமா? வலிக்கு இப்போது டாக்டரே எழுதித் தரலாமாமே, அம்மாவுக்குக் கேட்டுப் பார்க்கலாமா?

பதில்: முதலில் அம்மாவிடம் சொல்லுங்கள், அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த இரண்டாவது கம்மியில் படித்தவர், படிக்காதவர் எல்லோரும் ஏமாறுகிறார்கள். புகைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். தின்றால் அப்படியில்லை. வயிற்றில் இறங்கி, கல்லீரலுக்குப் போய், அங்கே இன்னும் வீரியமான ஒரு பொருளாக மாறி, அப்புறம்தான் மூளைக்கு ஏறுகிறது. அரை மணியும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். "ஒன்றும் ஆகவில்லையே" என்று இன்னொன்றைப் போட்டுக்கொண்டால், இரண்டும் சேர்ந்து ஒரே நேரத்தில் தாக்கும். ஏறிய மயக்கம் இறங்க ஆறு மணி நேரம், எட்டு மணி நேரம்கூட ஆகும். சுவர் நகர்ந்ததும் நெஞ்சு படபடத்ததும் அதனால்தான்.

அந்தப் பாக்கெட் இருக்கிறதா? இருந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் "0.3 சதவீதத்துக்கும் குறைவான டெல்டா-9 டி.எச்.சி." என்று போட்டிருக்கும். டி.எச்.சி.தான் கஞ்சாவில் போதை ஏற்றும் பொருள். படிக்கிறவர்களுக்கு, அட, ஒரு சதவீதம்கூட இல்லையே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கம்மி 4 கிராம் எடை என்றால், அதில் 0.3 சதவீதம் 12 மில்லிகிராம். பழக்கமில்லாத வயதானவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் நாங்கள் இரண்டரை மில்லிகிராமிலோ அதற்கும் கீழேயோதான் ஆரம்பிப்போம். உங்கள் அம்மா தின்ற இரண்டில் 24 மில்லிகிராம் வரை இருந்திருக்கலாம், அதுவும் சட்டத்தை மீறாமலே. பெயர்தான் கம்மி, சரக்கு கம்மியில்லை.

இந்த 0.3 சதவீதம் செடிக்காக எழுதிய அளவு. 2018-இல் அமெரிக்க நாடாளுமன்றம் விவசாயச் சட்டத்தில் சணல் வகைக் கஞ்சாச் செடியை, அதாவது ஹெம்ப்பை, போதைப் பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. காய்ந்த செடியின் எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் அது ஹெம்ப் என்றது அந்தச் சட்டம். 2019-இல் டெக்சாஸும் அதே வரையறையைத் தன் சட்டத்தில் எழுதிக்கொண்டது. கயிறும் எண்ணெயும் மனதில் வைத்து எழுதிய சதவீதத்தை மிட்டாய்க்குப் பொருத்தினால் என்ன ஆகும் என்று சட்டம் எழுதியவர்கள் யோசிக்கவில்லை. வியாபாரிகள் யோசித்தார்கள். டெல்டா-8 என்று, போதை தரும் ஒரு தம்பியும் டெல்டா-9-க்கு வந்து சேர்ந்தது.

ஆக, நீங்கள் நினைக்கிற தடை டெக்சாஸில் ஏற்கெனவே ஓட்டை விழுந்த தடை. ஞாயிற்றுக்கிழமை இங்கே மதுக்கடை திறக்கக் கூடாது. அதே ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் போடப் போன இடத்தில் அம்மாவைத் தூக்கிப்போட்ட மிட்டாயை வாங்கிவிடலாம். டாக்டர் வழியாகப் போனாலோ நிலைமை நேர் எதிர். 2015-இல் கவர்னர் கிரெக் ஆபட் கையெழுத்திட்ட சட்டம் கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்கு மட்டும், அதுவும் 0.5 சதவீத டி.எச்.சி.க்குள் அனுமதி கொடுத்தது. 2019-இல் ஆட்டிசம் போன்ற சில நோய்களைச் சேர்த்தார்கள். 2021-இல் எல்லாப் புற்றுநோய்களையும், போர் முதலான அதிர்ச்சிகளுக்குப் பின் வரும் மனநோயையும் சேர்த்தார்கள். 2025-இல்தான் நாள்பட்ட வலி உள்ளே வந்தது. அந்தச் சட்டம் ஒரு வேளைக்கு 10 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது. டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதற்கு வரம்பு 10, கேஸ் ஸ்டேஷன் மிட்டாயில் 12! இதை முதல் தடவை கணக்குப் போட்டபோது நான்தான் தப்பாகப் போட்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

இதைச் சரி செய்கிறேன் என்று 2025-இல் சட்டசபை இறங்கியது. லெப்டினன்ட் கவர்னர் டான் பேட்ரிக் பாக்கெட்டுகளை மேசைமேல் பரப்பிவைத்துப் பத்திரிகையாளர்களிடம் காட்டினார். மொத்தமாகத் தடை செய்யும் மசோதாவும் நிறைவேறியது. ஜூனில் அதே குடியரசுக் கட்சியைச் சேர்ந்த ஆபட் அதை ரத்து செய்து, மதுவைப் போல ஒழுங்குபடுத்துங்கள் என்றார். இரண்டு சிறப்புக் கூட்டத் தொடர்கள் வீணாய்ப் போயின. செப்டம்பரில் 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது என்று அவர் ஓர் ஆணை போட்டார். நல்லதுதான், ஆனால் 67 வயதுக்காரருக்கு அதனால் என்ன பயன்?

இப்போது உங்கள் கேள்வி. மாநிலம் கன்சர்வேட்டிவா லிபரலா என்பது எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படவில்லை. கவுண்டருக்குப் பின்னால் நிற்பது யார் என்றுதான் பார்க்கிறேன். இரண்டு மாநிலங்களைச் சொல்கிறேன். இரண்டும் பக்திமான்கள் நிறைந்தவை, குடியரசுக் கட்சியின் கோட்டைகள். இரண்டிலும் 2018-இல் மக்களே ஓட்டுப் போட்டு மருத்துவக் கஞ்சாவைக் கொண்டுவந்தார்கள்.

ஒன்று, நமக்குப் பக்கத்து வீடான ஓக்லஹோமா. இன்னின்ன நோய்க்குத்தான் என்று அங்கே பட்டியலே கிடையாது. டாக்டர் கையெழுத்து இருந்தால் போதும். ஆரம்பத்தில் கடை வைக்க 2,500 டாலர் லைசென்ஸ்தான், கடைகளுக்கு உச்சவரம்பும் இருக்கவில்லை. நாற்பது லட்சம் பேர் உள்ள மாநிலத்தில் 2,000-க்கும் மேல் கடைகள் முளைத்தன. பத்தில் ஒருவர் கிட்டத்தட்ட "நோயாளி" அட்டை வாங்கிவிட்டார். பெயர் மருத்துவம், நடந்தது சந்தை. பார்த்த மக்களுக்கே அலுத்துப்போனது. 2023 மார்ச்சில், பொழுதுபோக்குக்கும் அனுமதிக்கலாமா என்று கேட்டபோது மாநிலத்தின் 77 கவுண்டிகளிலும், அதாவது எல்லா மாவட்டங்களிலும், "வேண்டாம்" என்றார்கள்.

இன்னொன்று யூட்டா. அங்கே செல்வாக்குள்ள மார்மன் திருச்சபை எதிர்த்தும் சுமார் 53 சதவீதம் ஆதரவோடு தீர்மானம் வென்றது. அடுத்த மாதமே சட்டசபை கூடி, மக்கள் ஜெயிக்கவைத்த சட்டத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்தது. ஜனநாயகமா இது என்று பலர் கோபப்பட்டார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு. ஆனால் வந்த ஏற்பாடு ஒரு டாக்டராக எனக்குப் பிடித்திருக்கிறது. விற்கும் இடத்துக்குப் பெயர் பார்மசி. உள்ளே லைசென்ஸ் வாங்கிய பார்மசிஸ்ட் இருக்க வேண்டும். என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டு, அளவு சொல்லித்தான் கொடுப்பார். புகைக்க அனுமதி இல்லை. மாநிலம் முழுக்கவே 20-க்கும் குறைவான இடங்கள்தான். உங்கள் அம்மா அங்கே போயிருந்தால், வார்ஃபரின் என்ற சொல்லைக் கேட்டதுமே அந்த பார்மசிஸ்ட் கையை நிறுத்தியிருப்பார்.

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. சோதனை செய்த சரக்கு, தெளிவான அளவு, குழந்தை திறக்க முடியாத மூடி, இதெல்லாம் சட்டப்பூர்வமான இடத்தில்தான் கேட்டு வாங்க முடியும். மீதிப் பாதிக்குக் கலிபோர்னியாவைப் பாருங்கள். 65 வயதைத் தாண்டியவர்களின் எமர்ஜென்சி வருகைகளில் கஞ்சா தொடர்பானவை 2005-இல் லட்சத்துக்கு 21, 2019-இல் 395. அங்கே 1996-லேயே மருத்துவத்துக்கு அனுமதி, 2016-இல் 21 வயதான எல்லோருக்கும் அனுமதி. குழந்தைகள் கதை இன்னும் மோசம். நாடு முழுக்க, ஆறு வயதுக்குள் தெரியாமல் கஞ்சா மிட்டாயைத் தின்றதாக விஷ உதவி மையங்களுக்கு வந்த அழைப்புகள் 2017-இல் 207, 2021-இல் 3,054. லேபிளைக் குழந்தை படிக்குமா?

கஞ்சா வந்தால் ஓபியாய்டு வலி மாத்திரைகளால் சாகிறவர்கள் குறைவார்கள் என்று ஒரு வாதம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் வந்த ஆய்வு, மருத்துவக் கஞ்சா உள்ள மாநிலங்களில் அந்தச் சாவுகள் 25 சதவீதம் குறைவு என்றது. நானே அதை மேடையில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். 2019-இல் அதே முறையில் 2017 வரைக்கும் கணக்கை நீட்டிப் பார்த்தார்கள். குறைவு காணாமல்போய் 23 சதவீதம் அதிகம் என்று வந்தது. கஞ்சாதான் கொன்றது என்று இதற்கு அர்த்தமில்லை. முதல் ஆய்வை வைத்து இனி யாரும் ஓட்டுக் கேட்க முடியாது, அவ்வளவுதான். மேடைப் பேச்சில் அந்த வரியை நான் எடுத்துவிட்டேன்.

என்னை அதிகம் பயமுறுத்துவது வீரியம். 1995 வாக்கில் பிடிபட்ட கஞ்சாவில் டி.எச்.சி. சுமார் 4 சதவீதம், இப்போது 15-ஐத் தாண்டுகிறது. ஆவியாக்கி இழுக்கும் வேப் பேனாவில் அடைக்கும் சாறு இன்னும் பல மடங்கு. பெரும்பாலும் ஐரோப்பிய நகரங்களில் செய்த ஆய்வு ஒன்று 2019-இல் வந்தது. வீரியமான கஞ்சாவைத் தினமும் எடுப்பவர்களுக்கு மனப்பிறழ்வு வரும் வாய்ப்பு, எடுக்காதவர்களைவிட ஐந்து மடங்குக்கு நெருக்கம் என்றது. என்னிடம் வந்த ஒரு கல்லூரிப் பையன், நம்மூர்க் குடும்பம். லேப்டாப் கேமராவில் ஸ்டிக்கர், போன் கேமராவில் ஸ்டிக்கர், என் மேசையிலிருந்த வெப்கேம்மீது தன் கைக்குட்டையைப் போட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தான். பத்தொன்பது வயது, இரண்டு வருடமாக வேப். அந்தப் பையன் போலீஸிடம் மாட்டியிருந்தால்? டெக்சாஸில் இரண்டு அவுன்ஸுக்குள் இலை வைத்திருந்தால் 180 நாள் வரை சிறை. வேப் சாறு என்றால் ஒரு கிராமுக்குள் இருந்தாலும் பெரிய குற்றம், இரண்டு வருடம் வரை உள்ளே. சிகிச்சை வேண்டிய பையனை ஜெயிலுக்கு அனுப்பும் சட்டத்தை எந்த டாக்டரும் ஆதரிக்க முடியாது. என் வரையில் டெக்சாஸுக்கு ஏற்றது யூட்டாவின் பார்மசி. சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பவரைச் சிறைக்கு அனுப்பக் கூடாது. தெருமுனைக் கடையும் விளம்பரப் பலகையும் வேண்டாம். ஹெம்ப் மிட்டாயின் அளவைச் சதவீதத்தில் சொல்லாமல் மில்லிகிராமில் கட்டிப்போட வேண்டும். உங்களுக்கும் பிடிக்காது, உங்கள் கணவருக்கும் பிடிக்காது என்று தெரியும்.

சரி, அம்மாவின் பாத எரிச்சலுக்கு வருவோம். நரம்பு வலிக்குக் கஞ்சா மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்து 2018-இல் அலசினார்கள். ஓரளவாவது வலி குறைந்தவர்கள் நூற்றுக்கு 39 பேர். வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களிலேயே 33 பேருக்குக் குறைந்திருந்தது. ஆறு பேர்தான் வித்தியாசம். இந்தச் சின்ன லாபத்துக்காக உங்கள் அம்மாவுக்கு வரக்கூடிய ஆபத்து பெரிது. சி.பி.டி.யும் டி.எச்.சி.யும் வார்ஃபரினைக் கல்லீரல் சிதைப்பதைத் தடுக்கலாம். ரத்தம் அளவுக்கு மீறி இளகும். அந்த நிலையில் தலைசுற்றி பாத்ரூமில் விழுந்தால் தலைக்குள் ரத்தக்கசிவு. அதனால் நான் எழுதித் தர மாட்டேன்.

இன்னொரு விஷயத்தை டாக்டர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். மாநிலம் அனுமதித்தாலும் ஃபெடரல் சட்டம் அனுமதிக்கவில்லை. கஞ்சா உபயோகித்தவருக்குக் குடியுரிமை மனுவில் சிக்கல் வரலாம் என்று குடியேற்றத் துறை 2019-லேயே எழுதிவைத்திருக்கிறது. அம்மா பிற்பாடு சிட்டிசன்ஷிப்புக்குப் போடுவதாக இருந்தால், தெரியாமல் தின்ற இந்த ஒரு சம்பவத்தை எப்படிச் சொல்வது என்று வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.

இந்த வாரமே இரண்டு ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். ஒன்று ஐ.என்.ஆர்., அதாவது ரத்தம் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் பரிசோதனை. இன்னொன்று வைட்டமின் பி12. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் எத்தனை வருடமாகச் சாப்பிடுகிறார்? நாள்பட்ட மெட்ஃபார்மின் பி12-ஐக் குறைத்துவிடும், பி12 குறைந்தாலும் பாதம் இதே மாதிரிதான் எரியும். சைவச் சாப்பாட்டுக்காரர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும். பாதி வலி அங்கேயே இருக்கலாம், ஊசி போட்டால் குறையலாம். பி12 சரியாக இருந்தால் நரம்பு வலிக்குக் கேபாபென்டின் மாத்திரை இருக்கிறது, மிளகாய்க் காரத்திலிருந்து எடுத்த கேப்சைசின் பூச்சு இருக்கிறது. கேபாபென்டின் அளவைச் சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். டுலாக்ஸெடினும் நல்ல மருந்துதான், வார்ஃபரினோடு கொடுத்தால் ரத்தக்கசிவைக் கவனிக்க வேண்டும்.

அப்புறம், அந்த வாக்கிங் தோழியிடம் அம்மாவைப் பேசச் சொல்லுங்கள். மிட்டாய்க்குள் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. மிச்சம் இன்னும் அவர் வீட்டு டப்பாவில்தான் இருக்கும், பேரக் குழந்தைகள் வந்து போகிற வீடாக வேறு இருக்கலாம்.