கார்வரின் படகு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பின ஓவியர் ராபர்ட் கோல்ஸ்காட் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு, அதில் வந்த படகு ஓவியத்தைத் தேடிப் பார்த்தேன். பார்த்ததும் சிரித்துவிட்டேன், மறுகணமே கூசிப்போனேன். தடித்த உதடுகள், பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியம், சாராயம் என்று கறுப்பர்களை இழிவுபடுத்த வெள்ளையர்கள் காலங்காலமாக வரைந்த அதே கோமாளி உருவங்கள்தானே இவை? கறுப்பர் ஒருவர் வரைந்தால் மட்டும் அது கலையாகிவிடுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள வாசகிக்கு,

வரைந்தவர் கறுப்பர் என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. அந்த வாதம் எனக்கும் பிடிக்காது. சொல்லப்போனால், மகன் வெள்ளையராகவே நடமாட வேண்டும் என்றுதான் கோல்ஸ்காட்டின் தாய் விரும்பினார். அவர் தன்னைக் கறுப்பராக உணர்ந்து வரையத் தொடங்கியது பின்னாளில்தான்.

உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் ஓவியத்தின் தலைப்பிலேயே இருக்கிறது: 'டெலவேர் ஆற்றைக் கடக்கும் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்: ஓர் அமெரிக்க வரலாற்றுப் பாடநூலின் பக்கம்'. கார்வர் அடிமையாகப் பிறந்து வேளாண் அறிவியலாளரானவர், நிலக்கடலை ஆய்வுக்காகப் பெயர் பெற்றவர். பாடநூல் பேருக்குச் சேர்த்துக்கொள்ளும் ஓரிரு கறுப்பர்களில் ஒருவர். அவரைத் தவிர படகில் இருப்பவர்கள் சமையல்காரர், குடிகாரர், பாஞ்சோக்காரர். இவர்கள் கறுப்பர்கள் அல்லர். அந்தப் பாடநூலின் மண்டைக்குள் உட்கார்ந்திருப்பவர்கள். 1975-இல், அமெரிக்கா தன் இருநூறாவது ஆண்டு விழாவுக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்த நேரத்தில், இதை வரைந்து நீட்டினார்.

கோல்ஸ்காட் பகடி செய்யும் அசல் ஓவியமான 'டெலவேர் ஆற்றைக் கடக்கும் வாஷிங்டன்' மட்டும் யோக்கியமா? எமானுவேல் லாய்ட்சே அதை 1851-இல் ஜெர்மனியில் இருந்தபடி வரைந்து முடித்தார். விடுதலைப் போரின்போது வாஷிங்டன் அந்த ஆற்றைக் கடந்தது 1776 டிசம்பரில். ஓவியத்தில் அவர் படகில் பறக்கும் அமெரிக்கக் கொடி அங்கீகரிக்கப்பட்டதே அடுத்த ஆண்டுதான். அதைப் பார்த்து யாரும் கூசுவதில்லை.

பெட்டீ ஸார் என்ற கறுப்பினக் கலைஞரையும் பாருங்கள். அப்பத்துக்கான மாவுப் பொட்டலங்களில் சிரித்துக்கொண்டிருந்த 'ஆன்ட் ஜெமைமா' என்ற கறுப்பினப் பணிப்பெண் உருவத்தின் கையில் 1972-இல் அவர் துப்பாக்கியைக் கொடுத்தார். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் துப்பாக்கி. கலைஞர் யார் பக்கம் என்பதில் ஐயமே எழாது. கோல்ஸ்காட் அப்படி எதையும் கையில் கொடுப்பதில்லை. சிரிப்பதா வேண்டாமா என்று சொல்லித்தராமல் நம்மைத் தனியே விட்டுவிடுகிறார். உங்களுக்கு வந்த கூச்சம் அங்கே பிறந்ததுதான். இதே ஸார், 1997-இல் இளம் கறுப்பினக் கலைஞர் காரா வாக்கருக்கு மெக்ஆர்தர் நல்கை என்ற பெரிய அமெரிக்க நிதியுதவி கிடைத்தபோது, அவரது நிழலுருவங்கள் இனவெறிச் சித்திரங்களுக்கே தீனி போடுகின்றன என்று பலருக்குக் கடிதம் எழுதிக் கண்டித்தார். ஆகவே உங்கள் கேள்வியைக் கேட்பவர் நீங்கள் மட்டுமல்லர்.

ஓரிடத்தில் நானும் உங்கள் பக்கம். தன் படகில் உள்ள பெண்ணைக் கோல்ஸ்காட் வரைந்திருக்கும் விதத்தை எந்தப் பாடநூலின் மீதும் பழி போட்டு என்னால் நியாயப்படுத்த முடியவில்லை. அங்கே அவர் சிரிப்பது ஆண்களோடு சேர்ந்துகொண்டுதான்.

முடிந்தால் லாய்ட்சேயின் ஓவியத்தை இன்னொரு முறை பாருங்கள். படகின் முன்பகுதியில், ஸ்காட்லாந்துக் குல்லாய் அணிந்தவருக்குப் பக்கத்தில், ஒரு கறுப்பர் துடுப்புப் போடுகிறார். உங்கள் கடிதத்தில் அவர் இல்லை. என் குறிப்பிலும் இல்லை. எழுதும்போது எனக்கு அவர் நினைவுக்கே வரவில்லை.